128/96 ஏன் தப்பியது? பிரஷர், சுகர் அளவுகளை ஷீட்டில் வகை பிரிக்க முழுமையான வழிகாட்டி

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமின் நோட்டை ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வரிசை எண், பெயர், வயது, பிரஷர், சுகர் என்று கடைசிப் பக்கம் வரை முத்து முத்தான கையெழுத்து. சில எண்களைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். 148/88-க்கு வட்டம் இருந்தது, 162/94-க்கும் இருந்தது. அதே பக்கத்தில் ஸ்டிச்சிங் லைனில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு 128/96. அதற்கு வட்டம் இல்லை. 128 என்று பார்த்ததுமே கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த 96-ஐ யாரும் பார்க்கவில்லை.

வட்டம் போட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் இருநூறு வரியையும் பார்த்து முடி என்றால் யாருக்கும் இதுதான் நடக்கும். சலிக்காமல் பார்ப்பது மனிதருக்கு முடியாத வேலை. ஷீட்டுக்கு முடியும். ‘இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது’ என்று ஒரே ஒரு வாக்கியத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

வேலூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய தோல் தொழில் பகுதியில் அளவெடுக்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷர் மெஷினும் குளுக்கோமீட்டருமாக அக்காக்கள் வீடு வீடாக வருகிறார்கள். 2024-இல் அந்தத் திட்டம் வேலையிடங்களுக்கும் நீண்டது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவப் பணியாளரோடு கூடிய ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கேட்டது. எண்கள் நிறைய எழுதப்படுகின்றன. எழுதிய எண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்தான் குறை. அந்த அறைகளில் இருக்கும் நர்சுகளையும், வீடு வீடாக நடக்கும் அக்காக்களையும், அம்மாவின் பிரஷரைக் காலண்டரில் குறித்துவைக்கும் பிள்ளைகளையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஷீட்டையே திறந்து பழக்கமில்லாதவர்களும் தொடங்கலாம்.

## தட்டுவதற்கு முன் ஒரு குறிப்பு

எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் மூன்றிலும் இந்தச் சூத்திரங்கள் வேலை செய்யும். போனில் கூகுள் ஷீட்ஸ் இருந்தாலும் போதும்.

சூத்திரத்தில் வரும் கட்டளைப் பெயர்களையும் கட்டங்களின் எழுத்துகளையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ‘இஃப்’ என்றால் ஐ, எஃப் என்ற இரண்டு எழுத்து. ‘ஆர்’ என்றால் ஓ, ஆர். ‘கவுண்ட்’ என்றால் சி, ஓ, யு, என், டி. ‘டி2’ என்றால் நான்காவது ஆங்கில எழுத்தும் அதை ஒட்டி 2-உம். மேற்கோள் குறிக்குள் இருக்கும் தமிழ்ச் சொற்களை அப்படியே தமிழில் தட்டலாம். ஷீட்டுக்குத் தமிழ் புரியும்.

## முதல் படி: நெடுவரிசைகளை ஒழுங்காக வை

பாதிப் பிழை இங்கேயே பிறக்கிறது. நோட்டில் 128/96 என்று சேர்த்து எழுதுவது வழக்கம். ஷீட்டில் அப்படி எழுதக் கூடாது. சாய்கோடு போட்டதுமே ஷீட் அதை எண்ணாகப் பார்ப்பதை விட்டுவிட்டு எழுத்தாகப் பார்க்கத் தொடங்கும். மேல் அளவு ஒரு கட்டம், கீழ் அளவு இன்னொரு கட்டம்.

முதல் வரியில் தலைப்புகள் இப்படி இருக்கட்டும்:

ஏ: எண்
பி: தேதி
சி: பிரிவு (ஆண், பெண், கர்ப்பிணி)
டி: மேல் அளவு
இ: கீழ் அளவு
எஃப்: பிரஷர் மாத்திரை (ஆம், இல்லை)
ஜி: சுகர்
எச்: எப்போது (வெறும், பின்)
ஐ: ஹீமோகுளோபின்
ஜே: பிரஷர் நிலை
கே: சுகர் நிலை
எல்: ரத்த நிலை
எம்: அடுத்து என்ன

முதல் ஒன்பதும் நீங்கள் நிரப்புவது. கடைசி நான்கும் ஷீட் நிரப்புவது. பெயருக்கு நெடுவரிசை இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

சி, எஃப், எச் மூன்றுக்கும் ‘டேட்டா வேலிடேஷன்’ மூலம் டிராப்டவுன் பட்டியல் வைத்துவிடுங்கள். கையால் தட்டினால் ‘ஆண்’ என்பதற்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி போதும், ஷீட் அவரை ஆண் என்று ஏற்காது.

## இரண்டாம் படி: முதல் சூத்திரம்

ஜே2 கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

=இஃப்(டி2>=140, "அதிகம்", "சரி")

சமக்குறி இல்லாமல் தொடங்கினால் ஷீட் இதைச் சூத்திரமாக எடுக்காது. அடைப்புக்குள் மூன்று பகுதி இருக்கிறது, நடுவே காற்புள்ளி. முதலாவது கேள்வி: டி2-இல் இருப்பது 140 அல்லது அதற்கு மேலா? இரண்டாவது, ஆமென்றால் எழுத வேண்டியது. மூன்றாவது, இல்லையென்றால் எழுத வேண்டியது. ‘>’ குறிக்குப் பின்னால் இருக்கும் ‘=’ ஐ விட்டுவிடாதீர்கள். விட்டால் சரியாக 140 இருப்பவர் ‘சரி’ ஆகிவிடுவார்.

இப்போது டி2-இல் 128, இ2-இல் 96 போட்டுப் பாருங்கள். ‘சரி’ என்றுதான் வரும். நோட்டில் வட்டம் போட்டவர் செய்த அதே தவற்றை ஷீட்டும் செய்கிறது, ஏனென்றால் மேல் அளவை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

## மூன்றாம் படி: ‘அல்லது’ சொல்லிக்கொடு

இரண்டில் ஒன்று எல்லை தாண்டினாலும் பிரஷர் அதிகம்தான். அதனால்:

=இஃப்(ஆர்(டி2>=140, இ2>=90), "அதிகம்", "சரி")

128/96 இனித் தப்பாது. ‘ஆர்’ இருக்கும் இடத்தில் ‘ஆண்ட்’ போட்டால் இரண்டும் சேர்ந்து தாண்டினால்தான் பிடிக்கும். இந்த ஒரு சொல் மாறிப்போனால் எத்தனையோ பேர் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். சூத்திரம் எழுதி முடித்ததும் நான் முதலில் போட்டுப் பார்ப்பது அந்தப் பெண்ணின் 128/96-ஐத்தான்.

## நான்காம் படி: ஏணி கட்டு

142/88-உம் 190/118-உம் ஒரே ‘அதிகம்’ ஆக முடியாது. முதலாமவரை இன்னொரு நாள் அழைத்து மறுபடி பார்க்கலாம். இரண்டாமவரை அப்படி அனுப்ப முடியாது. பன்னாட்டு உயர் ரத்த அழுத்தச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 130/85-க்குக் கீழே இயல்பு, 130–139 அல்லது 85–89 விளிம்பு, 140/90 முதல் முதல் நிலை, 160/100 முதல் இரண்டாம் நிலை. 180/120 தாண்டினால் காத்திருக்கக் கூடாது. அதை ஷீட்டுக்கு இப்படிச் சொல்லலாம்:

=இஃப்(ஆர்(டி2>=180, இ2>=120), "உடனே", இஃப்(ஆர்(டி2>=160, இ2>=100), "மிக அதிகம்", இஃப்(ஆர்(டி2>=140, இ2>=90), "அதிகம்", இஃப்(ஆர்(டி2>=130, இ2>=85), "விளிம்பு", "சரி"))))

பார்த்ததும் மலைக்க வேண்டாம். ஒரு இஃப்பின் ‘இல்லாவிட்டால்’ இடத்தில் அடுத்த இஃப் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான்கு இஃப் திறந்தால் கடைசியில் நான்கு அடைப்பு மூட வேண்டும்.

ஏணியில் மேலிருந்து இறங்குவதுபோல் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு வாருங்கள். முதலில் எது பொருந்துகிறதோ அங்கேயே ஷீட் நின்றுவிடும். 130-ஐ முதலில் கேட்டால் 190 இருப்பவரும் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’தான். அவருக்கு ‘விளிம்பு’ என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

‘சரி’ என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். 82/50-உம் இப்போது ‘சரி’யில்தான் விழுகிறது. கடைசி "சரி" இருக்கும் இடத்தில் இஃப்(டி2<90, "குறைவு", "சரி") என்று வைத்தால் அந்த ஓட்டை அடைபடும்.

## ஐந்தாம் படி: வெற்றுக் கட்டமும் எழுத்தும்

அளவே எடுக்காதவருக்கு ஷீட் என்ன சொல்லும்? வெற்றுக் கட்டத்தை அது பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். மேலே இருக்கும் சூத்திரம் ‘குறைவு’ என்று சொல்லும், குறைவுக்கான பகுதியைச் சேர்க்காதவர்களுக்கு ‘சரி’ என்றே சொல்லும். முகாமுக்கு வராத ஒருவர் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பதாக ஷீட் எழுதிவைத்திருக்கும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. யாராவது டி2-இல் 118/76 என்று சேர்த்துத் தட்டிவிட்டால் அது எழுத்து. எக்செல் கணக்கில் எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரிது. அதனால் நல்ல பிரஷர் இருப்பவர் ‘உடனே’ ஆகிவிடுவார்.

இரண்டுக்கும் ஒரே மருந்து ‘கவுண்ட்’. எத்தனை கட்டங்களில் உண்மையான எண் இருக்கிறது என்று அது எண்ணிச் சொல்லும். முழுச் சூத்திரம் இப்போது:

=இஃப்(கவுண்ட்(டி2:இ2)<2, "அளவு இல்லை", இஃப்(ஆர்(டி2>=180, இ2>=120), "உடனே", இஃப்(ஆர்(டி2>=160, இ2>=100), "மிக அதிகம்", இஃப்(ஆர்(டி2>=140, இ2>=90), "அதிகம்", இஃப்(ஆர்(டி2>=130, இ2>=85), "விளிம்பு", இஃப்(டி2<90, "குறைவு", "சரி"))))))

ஜே2-இன் மூலையில் இருக்கும் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தால் 2 என்பது 3, 4, 5 என்று தானாக மாறி எல்லா வரிக்கும் போய்ச் சேரும்.

சூத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கி ஒட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறி சில சமயம் வழியில் வளைந்துவிடும். வளைந்த குறியை ஷீட் ஏற்காது. பிழை வந்தால் முதலில் மேற்கோள் குறிகளை அழித்துவிட்டு நீங்களே தட்டிப் பாருங்கள்.

## ஆறாம் படி: சுகருக்கு எண் மட்டும் போதாது

130 என்ற சுகர் அளவு நல்லதா கெட்டதா? வெறும் வயிற்றில் எடுத்தது என்றால் அதிகம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்றால் இயல்பு. நேரம் தெரியாத சுகர் எண்ணுக்குப் பொருளே இல்லை. வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை விளிம்பு, 126 முதல் அதிகம். இரண்டு மணி நேரம் கழித்து 140 முதல் 199 வரை விளிம்பு, 200 முதல் அதிகம். 70-க்குக் கீழே போனால் தாழ்வு.

=இஃப்(கவுண்ட்(ஜி2)=0, "அளவு இல்லை", இஃப்(ஜி2<70, "தாழ்வு", இஃப்(எச்2="வெறும்", இஃப்(ஜி2>=126, "அதிகம்", இஃப்(ஜி2>=100, "விளிம்பு", "சரி")), இஃப்(எச்2="பின்", இஃப்(ஜி2>=200, "அதிகம்", இஃப்(ஜி2>=140, "விளிம்பு", "சரி")), "நேரம் கேள்"))))

எச்2 காலியாக இருந்தால் ஷீட் ஊகிக்காது. ‘நேரம் கேள்’ என்று உங்களையே திருப்பி அனுப்பும். அதுதான் நியாயம். அதிகாலையில் டீயும் பன்னும் முடித்துக் கம்பெனி பஸ் ஏறியவரை ‘வெறும்’ என்று குறித்துக்கொள்ளும் தவறு முகாம்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. “டீ குடிச்சீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுக் குறியுங்கள்.

சில மீட்டர்கள் அளவு எல்லை மீறினால் எண்ணுக்குப் பதில் ‘ஹை’ என்று காட்டும். அந்தச் சொல்லைத் தட்டினால் சூத்திரம் ‘அளவு இல்லை’ என்று ஒதுக்கிவிடும். சுகர் நிலையில் ஆகப் பெரிய அவசரம் காணாமல் போய்விடும். அந்த மீட்டரின் மேல் எல்லை என்னவோ, பலவற்றில் 600, அந்த எண்ணைத் தட்டுங்கள்.

ஷீட்டில் ‘அதிகம்’ வந்தால் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. விரல் நுனி ரத்தம் ஒரு எச்சரிக்கை மட்டும். லேபில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்வதுதான் முடிவு.

## ஏழாம் படி: ஹீமோகுளோபின்

ஷூ கம்பெனி லைன்களில் பெரும்பாலும் பெண்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆகவே இந்த நெடுவரிசையைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. எல்லை ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11. எல்லை ஆளுக்கு ஆள் மாறுவதால் அதையே ஒரு இஃப்பாக எழுதுகிறோம்:

=இஃப்(கவுண்ட்(ஐ2)=0, "அளவு இல்லை", இஃப்(ஐ2>25, "மறுபடி பார்", இஃப்(ஐ2<இஃப்(சி2="ஆண்", 13, இஃப்(சி2="கர்ப்பிணி", 11, 12)), "குறைவு", "சரி")))

25-க்கு மேல் என்று எதற்குக் கேட்கிறோம்? 11.2 என்று தட்ட வேண்டியதை யாராவது 11-2 என்று தட்டினால் ஷீட் அதைத் தேதியாக்கிவிடும். உள்ளே தேதி என்பது நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஒரு எண். இந்தக் கேள்வி இல்லாவிட்டால் ரத்தம் குறைந்த பெண்ணுக்கு ‘சரி’ என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

## எட்டாம் படி: ‘அடுத்து என்ன’

இவ்வளவும் இந்த நெடுவரிசைக்காகத்தான். ‘மிக அதிகம்’ என்று ஒரு கட்டத்தில் எழுதியிருப்பதால் யாருக்கும் உடம்பு சரியாகிவிடாது. யாரை எப்போது பார்க்கப் போகிறோம் என்பது வேண்டும். எம்2-இல்:

=இஃப்(ஆர்(ஜே2="உடனே", கே2="தாழ்வு", ஜி2>=300), "இப்போதே", இஃப்(ஆர்(ஜே2="மிக அதிகம்", ஜே2="அதிகம்", ஜே2="குறைவு", கே2="அதிகம்", எல்2="குறைவு"), "இந்த வாரம்", இஃப்(ஆர்(ஜே2="அளவு இல்லை", கே2="அளவு இல்லை", கே2="நேரம் கேள்", எல்2="மறுபடி பார்"), "மறுபடி அள", இஃப்(எஃப்2="ஆம்", "மாத்திரை தொடரட்டும்", "அடுத்த முகாம்"))))

கடைசி வரியில் இருக்கும் ‘மாத்திரை தொடரட்டும்’ அனுபவத்தில் சேர்த்தது. இரண்டு வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவருக்கு 124/78 வருகிறது. ஷீட் ‘சரி’ என்கிறது. “சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க” என்று அவர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். 124/78 வந்ததே அந்த மாத்திரையால்தான். எஃப் நெடுவரிசை எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

‘இப்போதே’ வந்தவரை ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்து பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் மறு அளவுக்குக்கூடக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். சுகர் தாழ்ந்தவர் நினைவோடு இருந்தால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், ஷீட் அப்புறம்.

## அளவே தப்பானால்

படியேறி வந்த மூச்சோடு, காலைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே எடுத்த பிரஷருக்கு எவ்வளவு நல்ல சூத்திரமும் உதவாது. ஐந்து நிமிடம் ஓய்வு, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, பீடி கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை எடுங்கள். மெஷின்கள் ஓடும் ஷெட்டுக்குள் மேசை போடாமல், சத்தம் குறைந்த ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் எடுக்கும் அளவுகளுக்கு எல்லை 135/85. அம்மாவுக்காகத் தனி ஷீட் போடுபவர்கள் ‘அதிகம்’ என்ற படியில் 140, 90 இருக்கும் இடத்தில் இவற்றை வையுங்கள். ‘விளிம்பு’ படியில் 85-உடன் மோதும் என்பதால் அந்தப் படியின் கீழ் அளவை 80 ஆக்கிவிடலாம்.

எல்லையை மாற்றினால் இதே சூத்திரம் கிணற்றுத் தண்ணீருக்கும் பொருந்தும். தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. தண்ணீர்க் கவலை இன்னும் தீரவில்லை. குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுக்கிறது. டி.டி.எஸ். மீட்டர் வைத்திருக்கும் பள்ளி மாணவர்கள் தெருவாரியாக ஒரு ஷீட் போட்டுப் பார்க்கலாம்.

## பெயர் எங்கே?

பெயரும் எண்ணும் இருக்கும் பட்டியலை ஒரு தனி நோட்டில் எழுதிப் பூட்டி வையுங்கள். ஷீட்டில் எண் மட்டும் இருக்கட்டும். ஒருவருடைய சுகர் அளவு அவருடைய சொத்து. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் முகாம் நாளன்று லீவு போட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடு இருப்பவர் நாளை அளவெடுக்கக் கை நீட்ட மாட்டார். தனிநபர் தரவைக் காக்க 2023-இல் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. நிர்வாகம் கேட்டால் மொத்தக் கணக்கைக் கொடுங்கள், ஆள் விவரத்தைக் கொடுக்காதீர்கள். மொத்தக் கணக்குக்கு ஒரு வரி போதும்:

=கவுண்ட்இஃப்(எம்2:எம்300, "இந்த வாரம்")

## கடைசியாக, நிறமும் பட்டியலும்

எம் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’ போய், ‘இப்போதே’ என்றால் சிவப்பு, ‘இந்த வாரம்’ என்றால் மஞ்சள் என்று வைக்கலாம். ஜெராக்ஸ் எடுத்தால் நிறம் போய்விடும் என்பதால் சொல்லை அழித்துவிட்டு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பிறகு எம் தலைப்பில் ஃபில்டர் போட்டு ‘இந்த வாரம்’ மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். வரும் எண்களை நோட்டில் இருக்கும் பெயர்களோடு ஒப்பிட்டு ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் சீட்டில் பெயர் இருக்கும் அக்காவை ஓரமாக அழைத்து, “வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிட்டு வந்துடுங்கக்கா, இந்தச் சீட்டைக் காட்டுங்க” என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை போனாரா என்று கேட்டு, எம்-க்கு அடுத்து இருக்கும் ‘என்’ நெடுவரிசையில் தேதி போடுங்கள்.